வாயில் வைத்த விரல்

மலையகத்து றொசல்லயில் அன்று மேகம் தரையிறங்கியிருந்தது. வாசலில் நின்று பார்த்தால் தேயிலையும் இல்லை, ரயில் பாதையும் இல்லை... எல்லாம் வெள்ளை. கூவிக்கொண்டு போன ரயில்கூட எங்கோ கனவுக்குள் போவது போலத்தான் கேட்டது.

அந்த வெள்ளைக்குள் என் தங்கை செல்வி விறகு பிளந்துகொண்டிருந்தாள். கத்தி நழுவி, ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். கல்யாணமாகி மூன்று மாதம்தான்... சத்தம் கேட்டு அவள் கணவர் ரவி பாய்ந்து வந்தார். விரலை அப்படியே தன் வாயில் வைத்து, இரத்தத்தை உறிஞ்சித் துப்பினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வெட்கமாகிவிட்டது. எத்தனை அன்பு!

மறுநாள் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி நின்றது. அதற்கு மறுநாள் மணிக்கட்டு வரை சிவப்பு. காய்ச்சல் வேறு. செல்வி பிதற்றத் தொடங்கினாள்.

"அக்கா, மேகம் உள்ளுக்கு வந்துருச்சு... கதவ சாத்துங்க..."

கதவு சாத்தித்தான் இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து பறிப்பவள் அவள். அந்த விரல் போனால்?

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "காயத்த வாயில வச்சீங்களா?" என்று டொக்டர் அம்மா கேட்டதும் ரவி தலைகுனிந்தார்.

"நான் காலையிலயே பல்லு வெளக்கிட்டேங்க, டொக்டர்!"

டொக்டருக்குச் சிரிப்பு. விளக்கினாலும் இல்லாவிட்டாலும் எல்லோர் வாயிலும் பாக்டீரியா குடியிருக்குமாம். அங்கே இருக்கும்வரை பரம சாது. கீறல் வழியே சதைக்குள் நுழைந்தால்தான் விபரீதம் — விரலையே எடுக்க வேண்டிவரலாம். இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சின்னக் கீறலென்றால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டுமாம். நாமெல்லாம் என்ன செய்கிறோம்? அடிபட்ட மறுகணம் விரல் வாய்க்குள்!

விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். சேலைன் போத்தல் வழியே மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது.

கட்டுப் பிரித்த காலையில், "மடக்குங்க பார்ப்போம்," என்றார் டொக்டர். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கட்டைவிரலையும் அந்த விரலையும் மெல்ல மெல்லச் சேர்த்து, வெளியே மிதந்த மேகத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ரவி வாயே திறக்கவில்லை. செல்விதான் என் காதருகே குனிந்தாள்.

"இனிமே முத்தம் குடுக்கலாமான்னு டொக்டர்கிட்ட கேக்காம வந்துட்டோமேன்னு கவலப்படுறாருக்கா..."

காயமில்லாத இடமாகப் பார்த்துத் தாராளமாகக் கொடுக்கலாம், மாப்பிள்ளை!