தங்கை முதுகில் நான் வைத்த சூடு

என் தங்கைக்குத் தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது புதுவயலிலிருந்து காரைக்குடிக்குப் போகிற வழியில் நாங்கள் ஏறியிருந்த ஆட்டோ, உமி மூட்டை ஏற்றி வந்த லாரியில் இடித்துக் கவிழ்ந்தது. அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முதுகுத்தண்டு. எனக்கு அப்போது பதினாறு வயது.

இரண்டு வருடம் கழித்து, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இப்படி அடிபட்ட பிள்ளைகளுக்கு முதுகில் லேசாகக் கரண்ட் கொடுத்து நடை பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனோம். மூன்று மாதம் தங்கினோம். கத்தி வைக்கவில்லை, ஊசி போடவில்லை. உணர்ச்சியில்லாத அடிமுதுகுத் தோலில் பசை தடவிய பட்டைகளை ஒட்டி, அதிலிருந்து வயரை ஒரு சின்னப் பெட்டிக்கு இழுத்திருப்பார்கள். தங்கையை வாரில் கட்டி ட்ரெட்மில்லுக்கு மேலே தொங்கவிட்டு, பக்கத்துக்கு ஒருவராகப் பிசியோதெரபி பெண்கள் உட்கார்ந்து காலை எடுத்து எடுத்து வைப்பார்கள். ஏழாவது வாரம் ஒருநாள் அவர்களில் ஒருத்தி கையை விட்டுவிட்டாள். இடது கால் தானே மடங்கி முன்னால் போய் ஊன்றியது. பிறகு வலது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் எடுக்கலம்மா, அதுவாப் போகுது" என்றாள் தங்கை.

டாக்டரம்மா அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார். மூளையிலிருந்து சேதி வராவிட்டாலும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதிக்கு அடியெடுத்து வைக்கிற வேலை தெரியும். கரண்ட் அதை எழுப்பிவிடுகிறது. விடாமல் பழக்கினால் நிலைக்கலாம், நிலைக்காமலும் போகலாம். அம்மா 'நிலைக்கலாம்' வரைக்கும்தான் கேட்டாள்.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை எங்களிடம் கொடுத்தார்கள். பிசியோதெரபி பெண் அதன் திருகில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். "இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பட்டை காஞ்சுட்டா புதுசு மாத்தணும். ஒட்டுறதுக்கு முன்னாடியும் எடுத்த பிறகும் தோலைப் பாருங்க. அவளுக்குச் சுட்டாலும் தெரியாது. நீங்கதான் பாக்கணும்."

என்னைப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம் அம்மாவின் தோள். அவளால் எட்டு நிமிடம் கூடத் தங்கையைத் தாங்கிப் பிடிக்க முடியாது. எனக்கு மதுரையில் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. "ஒரு வருசம்தானேடி. அவ நடந்துட்டா நீ போ" என்றாள் அம்மா. நான் போகவில்லை.

கூடத்தில் வெல்டிங்காரரை வைத்து இரண்டு குழாய்களை இடுப்பு உயரத்துக்குப் பதித்தோம். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நான் பின்னால் முட்டி போட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவள் குழாய்களைப் பற்றிக்கொண்டு அடியெடுத்து வைப்பாள். பக்கத்து வீட்டார் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் என்னை விரட்டுவது அவளுக்குப் பிடிக்கும். "எருமை, ஒழுங்காப் பிடி" என்பாள். ஏழு வயதுப் பிள்ளை. எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் என்னோடு படித்தவள் ஹாஸ்டல் அறைப் படங்களை எனக்கு அனுப்பியிருந்தாள். ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா, எங்கள் அப்பா, வேலை பார்க்கும் சவுதியிலிருந்து வீடியோவில் வந்தார். அம்மா போன் திரையை எங்கள் பக்கம் காட்டிப் பிடித்துக்கொண்டு குழாய்களுக்கு எதிரே நின்றாள். பட்டையின் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது. புதுப் பட்டை பீரோவின் மேல்தட்டில் இருந்தது. எழுந்து போகச் சோம்பல். விரலில் எச்சில் தொட்டு ஓரத்தை ஈரமாக்கி அழுத்தி ஒட்டினேன்.

தங்கை அன்று சோர்ந்திருந்தாள். இரண்டு எட்டு வைத்ததற்கு மேல் கால் எழும்பவில்லை.

"என்ன இது? ஆஸ்பத்திரி வீடியோவுல நல்லா நடந்துச்சு. வீட்டுல ஒழுங்காச் செய்யிறீகளா இல்லையா?" என்றார் அத்தா.

"தினம் செய்யிறோம். இன்னைக்குப் பிள்ளைக்கு அசதியா இருக்கு" என்றாள் அம்மா.

அத்தா தங்கையிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "நீ நடந்தாத்தான் அத்தா ஊருக்கு வருவேன்."

தங்கை என் பக்கம் திரும்பி, "இந்த எருமை சரியாப் பிடிக்கலத்தா" என்றாள்.

நான் திருகைக் கோட்டுக்கு மேலே திருப்பினேன். அத்தாவைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. கோபத்தில்தான் திருப்பினேன். அவளுக்கு வலிக்காது என்று தெரிந்துதான் திருப்பினேன்.

அவள் கால்கள் துள்ளி எழுந்தன. முட்டி இடுப்பு வரைக்கும் வந்து பாதம் தரையில் அறைந்தது. குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். திரும்ப வைத்தோம், திரும்பவும் நடந்தாள். அத்தா "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று அழுதார். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றார். நாற்பது நிமிடம் நடந்தாள்.

பட்டையை உரித்தபோது அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. சுற்றிச் சிவப்பு.

"என்னக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பட்டை அழுத்துன தடம்."

தேங்காய் எண்ணெய் தடவினேன். மறுநாள் காலையில் அம்மா "நேரமாச்சு, ஆரம்பிங்க" என்றாள். அதே இடத்தில் பட்டையை ஒட்டினேன். இடத்தை மாற்றினால் அம்மா ஏன் என்று கேட்பாள். ஒன்பது நாள் இப்படி ஒட்டினேன். குளிப்பாட்டுவது நான் என்பதால் அம்மா கண்ணில் படவில்லை. பத்தாம் நாள் தங்கைக்குக் காய்ச்சல். தலை பின்ன உட்கார்ந்த அம்மா நாற்றம் உணர்ந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அதற்குள் அங்கே கறுத்த பள்ளம் விழுந்திருந்தது.

காரைக்குடியில் புண்ணைச் சுத்தம் செய்து, சென்னைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கையுறை விரலைப் பள்ளத்தில் விட்டு ஆழம் பார்த்தார்.

"வீட்டுல யார் ஒட்டுறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் டாக்டர்" என்றாள் அம்மா.

"படிச்சுப் படிச்சுச் சொன்னோமேம்மா" என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் திட்டவில்லை. புண் ஆறாமல் கரண்ட் கொடுக்க முடியாது, ஆறுவதற்குள் இந்த ஆராய்ச்சிச் சுற்று முடிந்துவிடும் என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

அத்தா போனில் அம்மாவைக் கேட்காத கேள்வி இல்லை. "பெத்த பிள்ளையைப் பாக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார். எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. "போனை உங்கக்காட்ட குடு" என்று தங்கையிடம் சொல்லி, வீட்டுக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்பார். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தங்கை ஐந்து மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இரண்டாவது மாதம் ஒரு மத்தியானம், நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நீ கோட்டுக்கு மேல திருப்புனேல்ல?"

பிளாஸ்டரைக் கிழித்து ஓரத்தில் ஒட்டினேன்.

"போன்ல நம்மளக் காட்டுற சின்னக் கட்டத்துல உன் கை தெரிஞ்சுச்சு" என்றாள்.

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"நடக்க நல்லா இருந்துச்சு."

நான் கட்டுப் போட்டு முடித்ததும், "இனிமே நான் சொல்றதெல்லாம் நீ கேக்கணும். இல்லேன்னா அத்தாட்ட சொல்லிருவேன்" என்றாள்.

கேட்டேன். தண்ணீர் கொண்டா என்றால் கொண்டுவந்தேன், சூடாக இருக்கிறது என்று தட்டிவிட்டால் வேறு கொண்டுவந்தேன். அடுத்த வருடமும் காலேஜுக்குப் போகாதே என்றாள், போகவில்லை. தபாலில் பட்டம் வாங்கினேன். புண் ஆறி உட்கார்ந்த பிறகு அவளைக் குழாய்களுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தோம். கால்கள் துணி மாதிரி தொங்கின. குழாய்களில் அம்மா துணி காயப்போட ஆரம்பித்தாள்.

மூன்று வருடம் கழித்து அம்மாவிடம் நானே சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை.

"உங்க அத்தாட்ட சொல்லிராத. என்னைத் திட்டி முடிச்சுட்டாக. திரும்ப ஆரம்பிக்க வேணாம்" என்றாள். பிறகு, "நீ இனிமே அவளைக் குளிப்பாட்ட வேணாம்" என்றாள். அந்தத் தோளை வைத்துக்கொண்டு அன்றிலிருந்து அவளே குளிப்பாட்டுகிறாள். நான் உதவிக்குப் போனால் கதவடியிலேயே நிறுத்திவிடுவாள்.

இப்போது காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறேன். தங்கைக்குப் பதினான்கு வயது. சாக்கோட்டையில் சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறாள், வகுப்பில் முதல் மதிப்பெண். அவள் வாய்க்கு ஆசிரியர்களே பயப்படுகிறார்கள்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். பெரிய பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு சுற்று ஆரம்பிக்கிறார்களாம், பழைய பட்டியலில் என் நம்பர் இருந்ததாம். தங்கையை மல்லாக்கப் படுக்க வைத்து முட்டி மெத்தையில் படிகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். முட்டி முழுக்க நீளாவிட்டால் சேர்க்க முடியாது என்றாள். தங்கை அறைக்குப் போய்ப் பார்த்தேன். வருடக்கணக்கில் நாற்காலியில் மடங்கியே இருந்து இறுகிப்போன முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே என் நாலு விரல் தாராளமாக நுழைந்தது. அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. போனில் அப்படியே சொன்னேன்.

"அப்ப இப்போதைக்கு முடியாதுங்க" என்று நர்ஸ் வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றாள் தங்கை.

"முட்டி நீளணுமாம்."

"நீளாதுன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவள் தன் போனை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள். சாத்திவிட்டு வந்தேன்.