மழைமானிக்கு ஓர் அபிஷேகம்

மூணாறுக்கு மேலே, தேயிலைக்காட்டின் உச்சியில் நின்றுகொண்டு கேரளத்தின் விளக்குகளைத் தம் கையில் வைத்திருந்தவர் ஏசுரத்தினம். அரசாங்கத்துக்கு இந்த விவரம் தெரியாது. அதனால்தான் அவருக்கு ஒரு குடைகூடக் கொடுக்கவில்லை.

கம்பிவேலிக்குள் நின்ற மழைமானியைத் தினமும் காலை எட்டு மணிக்குத் திறப்பார். சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிக் குனிந்து பார்ப்பார். எஸ்டேட் ஆபீஸ் போனில் எண்ணைச் சொல்வார். கீழே அணைக்கட்டில் இன்ஜினீயர் நஞ்சப்பன் எத்தனை மின்சார மெஷின் ஓட்டலாம் என்று முடிவு செய்வார். மேலே விழுந்ததற்கு மேல் கீழே எரியக்கூடாது, அவ்வளவுதான் திட்டம். பதினோரு வருஷத்தில் ஏசுரத்தினம் வானத்தை அண்ணாந்து பார்த்ததே இல்லை. மானியைப் பார்ப்பதுதான் வேலை. வானம் உத்தரவில் இல்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி பிறந்தும் மழை இல்லை. அணை வற்றி, முங்கிக் கிடந்த பழைய பாலம் வெளியே தெரிந்தது. மூன்று மெஷினில் ஒன்றுதான் ஓடியது. பத்தொன்பது நாள் தொடர்ந்து பூஜ்யம் சொல்லி அவருக்கே அவமானமாகிவிட்டது, ஏதோ தம் வீட்டிலிருந்து அனுப்ப வேண்டியதை அனுப்பாத மாதிரி.

இருபதாம் நாள், அறுபத்திரண்டு மில்லிமீட்டர்!

போனில் கத்திச் சொன்னார். திரும்பி வந்து கண்ணாடியைக் கழுவப் போனபோதுதான் அதில் மிச்சமிருந்த தண்ணீர் மஞ்சளாக இருப்பது தெரிந்தது. புனல் விளிம்பில் ஒரு செம்பருத்திப் பூ. காலடியில் புழுதி.

கொழுந்து கிள்ளப் போய்க்கொண்டிருந்த சின்னத்தாயி வேலியருகே நின்றாள்.

"என்னண்ணே, சாமி மனசு குளுந்துச்சா?"

"எந்தச் சாமி?"

"இதான். வேலி போட்டிருக்கு, தெனமும் எட்டு மணிக்கு நீங்க குனிஞ்சு கும்புடுதீக. மழைச்சாமி இல்லாம பின்ன என்ன? விடியக்கால நாங்க நாலு பேரு வந்து மஞ்சத்தண்ணி ஊத்தினோம். ஒரு செம்புதான்."

"கும்புடலைத்தா, அளவு பாக்கேன்! நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன்!"

"வேதக்காரவுக கும்புட்டா மழை வராதாக்கும்?"

போனுக்கு ஓடினார். லைன் செத்திருந்தது. மூன்று மெஷினும் ஓடினால் மிச்சத் தண்ணீர் நாலே நாளில் தீரும். பிறகு நாட்டுக்கு இருட்டு, அவருக்கு வேலை போகும். நாலு மைல் இறக்கத்தைச் சறுக்கியும் விழுந்தும் ஓடிக் கடந்தார்.

நஞ்சப்பன் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதி விவசாயி வீட்டுப் பிள்ளை. டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அறுபத்திரண்டு பொய் சார்! மஞ்சத்தண்ணி சார்! மெஷினைப் போட்ராதீக!"

"உக்காருங்க ஏசுரத்தினம், மூச்சு வாங்குங்க. யாரு போட்டாங்க?"

"என் நம்பரு..."

"எங்கூட்டுல மோட்டார் போடோணும்னா, மழை பேஞ்சுதுன்னு ஊரே சொன்னாலும் எங்கப்பன் மொதல்ல கெணத்தை எட்டிப் பாப்பாரு. நானும் அணையை எட்டிப் பாத்தேன். ஒரு வெரக்கட கூடத் தண்ணி ஏறலீங்க."

ஆக, பதினோரு வருஷமாக விளக்குகள் தம் ஒருவர் கையில் மட்டுமே இருந்ததில்லை. வேறொரு நாள் கேட்டிருந்தால் ஏசுரத்தினம் உடைந்துபோயிருப்பார். இன்று அதைவிட இனிப்பான செய்தி கிடையாது. இரண்டு கிளாஸ் டீ குடித்தார்.

மூன்றாம் நாள் கொட்டியது. தான் ஊற்றிய செம்புதான் காரணம் என்று சின்னத்தாயி மலை முழுக்கச் சொல்லி வைத்தாள். ஏசுரத்தினம் முதன்முறையாக வானத்தை அண்ணாந்து பார்த்து, கண் நிறைய மழை வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் மானியைத் திறந்தார். போனுக்கும் உயிர் வந்திருந்தது.

"எழுபத்தஞ்சு சார்!"

"மஞ்சளா இருக்குதுங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"இல்ல சார். நானே நனைஞ்சிருக்கேன் சார்."