மறந்து சாப்பிட்டது

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டி எழுதுவேன், நேரம் பிடிக்கும். ஆனால் பொய் சொல்கிறவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு நோட்டு நிறையத் தப்பாக எழுதி, அந்தப் பழியை மருமகள் தலையில் போட்டேன். அதை இறக்கி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்ன மகனோடு இருக்கிறேன். முழங்கால் இரண்டும் தேய்ந்து போய், தொழுவது நாற்காலியில்தான். நெற்றி தரையில் பட்டு மூன்று வருஷம் ஆகிறது. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் எண்பத்தாறு கிலோவில் எட்டு கிலோவாவது குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

அங்கே சாப்பாட்டு விஷயம் பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என் கடைசி மகளைவிடச் சின்னவள். ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிடறீங்களோ அப்படியே எழுதிட்டு வாங்கம்மா. மறைக்கக் கூடாது."

"நான் எதுக்கு மறைக்கப் போறேன்? முப்பது நோன்பும் விடாம புடிக்கிறவ. சொட்டுத் தண்ணி தொட மாட்டேன். வாயக் கட்டறது எனக்கு ஒரு வேலையா?"

அந்தப் பெண் சிரித்தாள். என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மருமகள் சிரிக்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நோட்டு எழுதுவது எனக்குப் பிடித்துப்போனது. காலை இட்லி இரண்டு. மதியம் சோறு ஒரு கரண்டி, கீரை, மீன் ஒரு துண்டு. இரவு கோதுமை தோசை ஒன்று. அடித்தல் திருத்தல் கிடையாது. காலையில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் மெதுவாக நடக்கவும் செய்தேன். முதல் மாதம் ஒன்றரை கிலோ இறங்கியது. இரண்டாம் மாதம் அந்த ஒன்றரையும் திரும்ப ஏறி நின்றது.

மெஷின் சரியில்லை என்றேன். அந்தப் பெண் தானே ஏறிக் காட்டினாள். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இவ்ளோதான் சாப்பிட்டா ஏறாதேம்மா" என்றாள்.

என் எழுத்தைச் சந்தேகப்படுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது.

"நான் கம்மியாத்தான் சாப்பிடறேன். ஆக்கிப் போடறவங்களுக்குக் கை தாராளம். எண்ணெய அப்படியே கவுத்து ஊத்துனா நான் என்ன பண்ண முடியும்? கெழவி எழுந்து நடந்துட்டா யாருக்கு என்ன லாபம்?"

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் முகம் செத்துப் போயிற்று. "சரிங்க, இனிமே அளந்து ஊத்தறேன்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது சிப்காட் கம்பெனிகள் பக்கத்து நெடி எனக்கு ஆகாது, இருமல் வந்துவிடும். அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே எப்போதும் அவள்தான் ஜன்னலைச் சாத்துவாள். அன்றைக்கும் எட்டிச் சாத்தினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டுக் குருமா தண்ணீராக இருந்தது. மகன் தட்டைத் தள்ளி வைத்து, "என்ன இது, காய்ச்சக்காரனுக்கு ஆக்குனதா?" என்று அவளைக் கேட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மாதம் அவள் இன்னொன்றும் செய்தாள். பேத்தியும் பேரனும் சாப்பிட்டு எழுந்த உடனே ஓடி வந்து தட்டை எடுத்துப் போய்விடுவாள்.

"பாதி சோறு இருந்துச்சே, கொட்டிட்டியா? அல்லா குடுத்தத வீணாக்கறியே."

"இல்ல மாமி, பக்கத்து வீட்டுக் கோழிக்கு வச்சேன்."

அப்படியும் அவள் குளிக்கப் போன நேரம், துணி எடுக்கப் போன நேரம் என்று தட்டுகள் என் கைக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

மூன்றாம் மாதம் போனபோது பள்ளிக்கூடம் லீவு. ஏழாவது படிக்கிற பேத்தியும் கூட வந்தாள். எடை இறங்கவில்லை. என் எழுத்து அந்தப் பெண்ணுக்கு முழுசாகப் புரியவில்லை என்று பேத்தியை வாசிக்கச் சொன்னாள். வாசித்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"நன்னி, நேத்து நான் வச்ச பாதி தோசைய எழுதலியே? தம்பி வச்ச முட்டையும் இல்ல."

"அது சாப்பாடாடி? தட்ட எடுக்கறப்ப ஞாபகமில்லாம வாயில போட்டது. மறந்து சாப்பிட்டா நோன்பே முறியாது, நோட்டுல எதுக்கு எழுதணும்?"

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. மருமகள்தான் எடுத்துச் சொன்னாள். "நோன்பு இருக்கறப்ப, நோன்புங்கறத மறந்து எதையாவது தின்னுட்டா, நோன்பு போவாதுங்க. மாமி அத நெனச்சிக்கிட்டு சொல்றாங்க. பொய்யா எழுதலங்க."

"அல்லா மன்னிப்பாரும்மா, எடை மெஷின் மன்னிக்காதே" என்றாள் அந்தப் பெண். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "புள்ளைங்க மிச்சம் வச்சத எத்தன வருஷமா வாயில போட்டிருப்பீங்க? மூளைக்கு ஒண்ணு பழகிடுச்சுன்னா உங்களக் கேக்காமலே கைய அனுப்பும். எடை கொஞ்சம் கொறஞ்சாலும் அதுக்குப் பயம் வந்துடும். பசிய ஜாஸ்தியாக்கி பழைய எடைக்கே இழுக்கும். அதோட சண்ட போட்டு ஜெயிக்க முடியாதும்மா. மெல்லத்தான் வேற பழக்கத்துக்குக் கொண்டு வரணும். ஒரு நாள் மட்டும், வாயில போடப் போறத எல்லாம் ஒரு தட்டுல போட்டு மூடி வைங்க. சாயங்காலம் திறந்து பாருங்க."

மறுநாள் அப்படியே செய்தேன். மருமகளிடம், இன்றைக்குத் தட்டுகளை நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் மூடியைத் திறந்தேன். தோசை ஒன்றே கால் இருக்கும். இரண்டு கைப்பிடிக்கு மேல் சோறு, அதில் குழம்பு ஊறிக் கிடந்தது. முட்டை ஓரம், மீன் தலை, வாழைப்பழத்தில் பாதி, பேரன் டீயில் நனைத்து வைத்த பிஸ்கட். ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடலாம்.

ஐந்து பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் எனக்கென்று தட்டு போட்ட நாள் குறைவு. அவர்கள் மிச்சம் வைத்ததுதான் என் சாப்பாடு. பிற்பாடு எனக்கும் தட்டு வந்தது, ஆனால் பழைய சாப்பாடு நிற்கவில்லை. இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஒருத்தியுடையதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும் மாமி."

"நான் அப்படிப் பேசினேனே. அங்கயே சொல்றதுக்கென்ன?"

"மாமியார் புள்ளைங்க எச்சித் தட்ட வழிச்சித் திங்கிறாங்கன்னு வெளியாளுங்க முன்னாடி எப்புடிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

நான் அவளைக் கெடுத்துப் பேசிய அதே இடத்தில் அவள் என் மானத்தைக் காத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் முன்னால் நிற்கவும் கூச்சமாக இருந்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அது நடந்து ஆறு மாதம் ஆகிறது. நோன்புக்கு நிய்யத் வைப்பதுபோல, இன்றைக்கு உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று காலையில் மனதில் வைத்துக்கொள்கிறேன். மைதானத்தில் நடப்பதும் விடவில்லை. ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது, இன்னும் மூன்று இருக்கிறது. இப்போதும் கை போகும். நேற்றுகூட ஒரு முறுக்குத் துண்டு வாய்க்குப் போன பிறகுதான் தெரிந்தது. எழுதிவிட்டேன்.

எழுதாமல் கிடந்தது ஒன்றுதான். பத்துப் பேர் காதில் விழப் பேசியதை நான் இன்னும் திருப்பி எடுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் பல நாள் அடுப்படிக்குப் போனேன். உப்பு இருக்கிறதா, பால் வந்ததா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மாமியார் ஆனதிலிருந்து என் வாய்க்கு அந்த வார்த்தை பழகவில்லை. அதனால் அதே நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் இதை எழுதினேன்.

எம் பேத்தி, இங்க வாடியம்மா. இந்த நோட்டப் புடி, என் எழுத்து ஒனக்குத்தான் புரியும். இன்னிக்கு எம்மவன், ஒங்க அத்தாவும் வீட்லதான் இருக்கான், அவனையும் கூப்புடு. அடுப்படி வாசல்ல நின்னு, ஒங்கம்மா காதுல விழற மாதிரி சத்தமா வாசி. ஆஸ்பத்திரியில நான் பேசினத வெக்கப்பட்டு விட்டுடாத. அத நிறுத்தி நிதானமா வாசி. நான் இங்கயே ஒக்காந்து கேக்கறேன்.