பின்கதவுக்குப் பூஜ்யம்

ஜமால் இறந்த செய்தி தந்தியாக வந்தது. தந்தி எங்கள் ஆய்வு நிலைய இயக்குநரின் மேசையில் ஒரு கோப்புக்கு அடியில் கிடந்து, மறுநாள்தான் என் கைக்கு வந்தது. நான் அவன் ஊரான செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. பல ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்தவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாத அந்த அலட்சியத்தை நான் மன்னிக்கப் போவதில்லை. மாரடைப்பு என்றார்கள். இருக்கலாம்.

செஞ்சியில் அவனை அறிந்த உங்களில் பலர், 'மெட்ராஸ்ல கம்ப்யூட்டருக்குள்ள நெருப்பு வைக்கிறவன்' என்று அவனைக் கேலி செய்திருக்கிறீர்கள். அவன் செய்தது இதுதான். ஒரு கட்டடத்தின் நீளம், அகலம், உயரம், கதவுகளின் அளவு, அதற்குள் எரியக்கூடியவை எல்லாவற்றையும் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கணிப்பொறிக்குக் கொடுப்பான். தீப்பிடித்தால் புகை முதலில் கூரையடியில் தேங்கும். பிறகு மெல்லக் கீழே இறங்கும். அது மனிதரின் மூக்குக்கு வருமுன் எல்லோரும் வெளியேற முடியுமா என்பதை எந்திரம் எண்களாக அச்சடித்துத் தரும். "நெருப்பு அப்புறந்தான் வரும். ஆளக் கொல்றது புகை" என்பான்.

சொந்த ஊரின் கல்யாண மண்டபத்தை அவனே கேட்டு எடுத்துக்கொண்டான். உரிமத்தைப் புதுப்பிக்க அதற்கு ஒரு பாதுகாப்பு அறிக்கை தேவைப்பட்டது. வரைபடம் கையில் இருந்தும், "போய்க் கதவத் தள்ளிப் பாக்காம அட்டையில துளை போடாதே" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்தான். சாப்பாட்டுக்கூடத்தின் பின்கதவைத் தள்ளினோம். பூட்டியிருந்தது.

மண்டபத்துக்காரர் சிரித்தார். "அதத் தெறந்து வச்சா மொதப் பந்திக்கே ஊரே உள்ள பூந்துடும். பொண்ணு ஊட்டுக்காரன் எலைக்கு எங்க போவான்?"

"அடுப்படி பக்கத்துலயே இருக்குது அண்ணே. மேல கீத்து, துணிப்பந்தல். பத்திக்கிச்சுன்னா அத்தினி பேரும் எப்படி வெளியப் போவாங்க?"

"இன்னா ஜமாலு, என் மண்டபத்துக்கு நெருப்பு வைக்கவா உன்ன உங்க நைனா படிக்க வச்சாரு? இத்தினி வருசமா கோட்டையே எரியாம நிக்குது!"

"கோட்டைக்கு மேல கீத்து போட்டிருக்காங்களா அண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பூட்டு அப்படியே தொங்கியது.

சென்னை திரும்பியதும் அந்தக் கதவின் அகலத்துக்குப் பூஜ்யம் என்று பதித்தான். கூடத்தில் பாதிப் பேர் இருக்கும்போதே புகை இறங்கிவிடுகிறது என்று தாள் சொன்னது. இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "வரைபடத்தில் கதவு இருக்கிறது. பூட்டு இல்லை. நாம் வரைபடத்தைத்தான் ஆராய்கிறோம்" என்றார். அந்த ஓர் அட்டையை மாற்றி மறுபடி ஓட்டச் சொன்னார். இம்முறை எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். எந்திரத்தில் மனிதர்களைக் காப்பாற்றுவது அவ்வளவு சுலபம். ஜமால் எழுதிய ஆட்சேபக் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அவனை நூலகப் பிரிவுக்கு மாற்றினார்கள். அறிக்கை மட்டும் அவன் பெயரோடு வெளிவந்து, மண்டபத்து வாசலில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டது.

அதே மண்டபத்தில்தான் அவன் தங்கையின் நிக்காஹ் நடக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதம் பிடித்தார்கள். ஜமால் போராடிப் பின்கதவுச் சாவியை வாங்கினான். பூட்டைக் கழற்றிவிட்டு, கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். கடைசிப் பந்தி முடியும்வரை எழவில்லை. "இன்னா மச்சான், பிரியாணிக்குக் காவலா? எங்க மேல நம்பிக்க இல்லியா?" என்று மாப்பிள்ளையின் தோழர்கள் சீண்டினார்கள். "ஆமாம்பா, நீ ரெண்டு தடவ துன்னுடுவே" என்றான். விருந்தில் அவன் ஒரு கவளமும் உண்ணவில்லை. கூட்டம் கலைந்ததும் மண்டபத்து ஆள் வந்து சாவியை வாங்கி, அவன் கண்ணெதிரே பூட்டிவிட்டுப் போனான். "இன்னிக்கு ஒரு நாள் வேலை செஞ்சேன்" என்றான் ஜமால் என்னிடம். அதன் பிறகு அவன் சொந்தமாக எதுவும் கணக்கிட்டதாக எனக்குத் தெரியாது.

போன வாரம் இரங்கல் கூட்டத்தையும் அங்கேயே வைத்தீர்கள். வாடகை வேண்டாம் என்ற பெருந்தன்மைக்குக் கைதட்டினீர்கள். மண்டபத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் மண்டபத்துக்கு ஆபத்தே இல்லன்னு எழுதிக் குடுத்த புள்ள" என்றார். ஜமாலை மறுபடி ஒருமுறை புதைத்தது அந்த வார்த்தை. நான் எழுந்து பின்பக்கம் போனேன். கதவைத் தள்ளினேன்.

"சாவி ஊட்ல இருக்குது சார்" என்றார் பின்னால் வந்த மண்டபத்துக்காரர். "இன்னிக்குத்தான் சாப்பாடே இல்லியே!"

பேசுவதற்கு என் பெயரைக் கூப்பிட்டபோது நான் பஸ் நிலையத்தில் இருந்தேன். அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதனால் பூட்டு திறக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அவனிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது ஓர் அட்டை. பின்கதவின் அகலத்துக்கென்று அவன் முதலில் பதித்தது. இயக்குநர் கழித்துப் போடச் சொன்னது. கூட்டத்தன்றும் அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதில் இன்னும் பூஜ்யம்தான். திருத்த வேண்டியது எதுவும் இல்லை.