சறுக்கி நிற்கும் பழக்கம்

"ஏட்டி, அந்தக் காலத்து ஆட்டக்காரன் பெருசா, இந்தக் காலத்தவன் பெருசான்னு எங்கிட்ட எதுக்குக் கேக்க? ஒனக்கு வேற சோலியே இல்லையா?" என்று பேத்தியை ஏசினேன்.

அவள் ஒரு கையில் செல்போனை வைத்து இரண்டு கூடைப்பந்து வீரர்களை ஒப்பிட்டுக்கொண்டு, மறு கையால் பந்தைச் சிமெண்டுத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிடும்.

ராஜபாளையத்துச் செம்மண் மைதானத்தில் வெறுங்காலோடு கூடைப்பந்து ஆடிப் பேர் வாங்கியவர் அவர். அவர் ஆட்டத்தை விட்ட பிறகு சிமெண்டுத் தளம் வந்தது, ஷூ போட்ட சீனுவும் வந்தான். இருவரில் யார் கெட்டிக்காரர் என்று டீக்கடையில் தினமும் சண்டை.

"மண்ணுல ஆடுனவரு சிமெண்டுல ஆடட்டும், பாப்போம்" என்று எவனோ சீண்டினான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஷூ போட்டுக்கிடுங்கண்ணே" என்றான் சீனு.

"ஏலே, காலுக்குச் சட்டை போட்டாத்தான் பந்து உள்ள போவுமோ?"

முதல் பந்தை வளையத்துக்குள் போட்டார். அடுத்த பந்துக்கு ஓடியவர், மண்ணில் சறுக்கி நிற்கிற பழக்கத்தில் சிமெண்டிலும் சறுக்கப் பார்த்தார். பாதம் அப்படியே ஒட்டி நின்றது. முழங்கால் திருகிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கம்பில்லாமல் நடக்கவே இல்லை.

சீனுதான் அவரைத் தோளில் தூக்கிவந்தான். அப்பா வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடியிருந்தார். அம்மா அழுதாள். தெருப் பெண்கள், "என்னட்டி ஆச்சு?" என்று, கூடவே ஓடிவந்த சின்னப் பிள்ளையான என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கப்பா ஜெயிச்சுட்டாக" என்றேன். "தோத்துப்போன சீனு அண்ணன்தான் தூக்கிட்டு வாராக."