ரெஜினா அன்ரி அளவெடுத்துத் தந்த விடுமுறைகள்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகர் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது: எங்கள் வீட்டுப் பிரிண்டரின் கறுப்பு மை, சில நாள் இழுபறிக்குப் பின், இன்று காலை இறைவனடி சேர்ந்தது. மலர்வளையம் வேண்டாம். புது மை போதும்.

இந்தக் குறுஞ்செய்தியை ரெஜினா அன்ரிக்கு அனுப்பினேன். பதில் அவருடைய மகளிடமிருந்து டேனிஷில் வந்தது. காலையில் வேலைக்குப் புறப்பட்ட அம்மா வாசலில் விழுந்துவிட்டார், இனி இல்லை. அந்த இரண்டு செய்திகளும் என் கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அன்ரியைத் தெரியாதவர்கள் இந்த நினைவுமலரைக் கையில் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் முறைக்குச் சொல்கிறேன். மன்னார்க்காரி. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. போர் முடிந்து, ஊருக்குப் போய்வரலாம் என்ற பேச்சு வந்ததும், வேலையில்லாத நாட்களில் நம்மவர்களுக்குப் பயணம் ஒழுங்கு செய்து கொடுத்தார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஒவ்வொருவரையும் இருத்திக் கேட்பார்: "ஊரில எதைப் பாக்காட்டி உங்களுக்கு மனம் ஆறாது?" வருகிற பதில்தான் பயணத்தின் கருப்பொருள். ஒருவருக்கு மாம்பழ விடுமுறை, ஒருவருக்குப் பள்ளிக்கூட விடுமுறை, இன்னொருவருக்கு மடுத் தேவாலயத் திருவிழா. சுற்றிக் காட்டுகிறவர்கள் உண்டு, ஆளைச் சுற்றிவிடுகிறவர்களும் உண்டு. அன்ரி முதல் வகை. துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்தது நான்.

அவருக்கும் ஒரு பயணம் இருந்தது. கருப்பொருள், தம்பி. போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போன அன்ரன். இடம்பெயர்ந்தவர்களின் முகாம் முகாமாகத் தேட ஒரு தாளில் வழி எழுதி வைத்திருந்தார். "எல்லாரையும் அனுப்பிப்போட்டு நான் போறன்" என்பார்.

அந்த ‘எல்லாரும்’ யாரென்றும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். இந்த வரியை வாசிக்கும்போது எவர் கை தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்கிறதோ, அவர்தான்.

"தங்கச்சி, முகாமையும் ஒருக்காப் பாக்கலாமோ? இறங்கத் தேவையில்லை. ஏசி வானுக்குள்ள இருந்தே வீடியோ எடுப்பம்."

அன்ரி பேனையை மூடினார். "அண்ணை, உள்ளுக்கு இருக்கிற சனமும் உங்களைப் பாக்கும். அதுக்குச் சம்மதமெண்டால் எழுதுறன்."

ஏசி கேட்டவரை ஏசியே அனுப்பியிருக்கலாம். அடுத்து வந்த அம்மா, பிள்ளைகளை நன்றாக உடுத்தி போர்க்காலத்துப் பங்கருக்குள் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். "உள்ளுக்கு கிளீனா இருக்குமோ?"

அடுத்த பிரசுரத்துக்கு, ‘ஊரைக் காணப் போவோருக்கு’ என்று தலைப்புப் போடச் சொன்னார் அன்ரி. நான் அடித்தது: ‘ஊரைக் காணாமல் போவோருக்கு’. பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் பிரசுரத்தைக் கொடுத்தபோதுதான் கழுத்துப்பட்டிக்காரர் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார். "டென்மார்க் பெடியளுக்குத் தமிழ் எங்க தெரியும்?" மண்டபமே சிரித்தது.

நான் விடவில்லை. "தெரிஞ்சுதான் அடிச்சனான். வானுக்குள்ள இருந்துகொண்டு நீங்கள் ஊரைக் காணாமல்தானே போகப் போறியள்?"

சிரிப்பு நின்றது. அந்தச் சிலேடையை இன்றைக்கும் நாட்டின் மறுகோடியிலுள்ள இஷொய் வரைக்கும் சொல்லித் திரிகிறார்கள். அதற்குப் பிறகு நம்மவர்களிடம் எனக்குப் பெயரே வேறு.

அன்ரி மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் அந்தச் சொல்லின் மேல் இருந்தது.

"வேணுமெண்டோ செய்தனீ, அப்பு?"

"ஓம் அன்ரி."

"சரி. வேற எந்தச் சொல்லிலயும் விளையாடு. இதில வேண்டாம்."

கொடுத்த தாள்களையெல்லாம் திருப்பி வாங்கி, மண்டப வாங்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேனையால் திருத்தினார். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை.

அன்ரியின் அடக்கம் முடிந்த கையோடு, வாயில் பற்றிஸ் பலகாரத்துடன், "இனி புக்கிங் ஆர் செய்யினம்?" என்று ஒருவர் கேட்டார். எவர் என்று சொல்லத் தேவையில்லை.

அன்ரி வழி எழுதிய தாள் இப்போது மகளிடம் இருக்கிறது. கோடையில் மாமனைத் தேடி அவள் போகிறாள். முகாம்களில் காட்ட, அன்ரனின் படத்தோடு தமிழில் ஓர் அறிவித்தல் வேண்டுமாம். "நீதானே தமிழில் கெட்டிக்காரன், எழுதித் தா" என்று டேனிஷில் கேட்டாள்.

அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தலைப்பு சிலேடை இல்லை, பிழை. போர் முடிந்த அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் ‘காணாமல் போ’ என்பதுதான். ‘காணப் போ’ என்பது அதன் பேச்சுவழக்குச் சுருக்கம், எழுதும்போது ‘காணாமல்’ என்று முழுதாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். தமிழ் தெரியாதவன் என்று நாலு பேர் சிரிப்பதைவிட, தம்பியைத் தொலைத்தவரிடம் வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்வது எனக்குச் சுகமாக இருந்தது. அன்ரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட அந்தக் கேள்வியும், நான் சொன்ன ‘ஓம்’ என்ற பதிலும்தான்.

அறிவித்தலை எழுதி முடித்துவிட்டேன். யாராவது பிழை பார்த்துத் தர வேண்டும். கழுத்துப்பட்டி அண்ணை என்றாலும் பரவாயில்லை.