பொட்டு வைத்த புத்தகங்கள்

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பச்சை பீரோ நிறையச் சிறுவர் புத்தகங்கள் இருந்தன. ஐந்தாம் வகுப்புக்கு வரும்வரை அவற்றில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடும் என்பது பெரிய டீச்சரின் கவலை. அந்தக் கவலையைச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகி வைத்திருந்தார்.

ஒரு நாள் திண்டுக்கல்லிலிருந்து தகவல் வந்தது. பிள்ளைகள் புத்தகங்களைப் புழங்குகிறார்களா என்று பார்க்க மறுநாள் அதிகாரி வருகிறார். இல்லையென்றால் பீரோ செம்பட்டிப் பக்கம் வேறொரு பள்ளிக்குப் போய்விடும். டீச்சர் பதறிப்போய்ப் புத்தகங்களை அழகுபடுத்தச் சொன்னார். அழகு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஜூன் மாதம் பாடப்புத்தகத்துக்குப் போடும் பிரவுன் அட்டை. வகுப்பே உட்கார்ந்து, ஒரே மத்தியானத்தில் நூற்றுச்சொச்சம் புத்தகங்களுக்கும் அட்டை போட்டுவிட்டோம்.

அட்டை போடுகிற சாக்கில் நான் ஒரு கதையைப் படிக்கத் தொடங்கியிருந்தேன். யானைக்குட்டி ஒன்று கிணற்றில் விழுந்துவிட்டது. தாய் யானை கிணற்றையே சுற்றிச் சுற்றி வருகிறது. சரியாக அந்த இடத்தில் பக்கத்திலிருந்தவள் புத்தகத்தைப் பிடுங்கி, அட்டை போட்டு அடுக்கிவிட்டாள்.

எல்லாவற்றையும் பீரோவில் வைத்த பிறகுதான் தெரிந்தது, ஒரு புத்தகத்தின் மேலும் யாரும் பெயர் எழுதவில்லை. எல்லாம் ஒரே பழுப்பு. டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவிகளா, நாளைக்கு அந்த மனுசன் ஒரு புக்கு கேட்டா எதைடி எடுத்துக் குடுப்பேன்?"

எனக்கு யானைக்குட்டிதான் கவலை. பீரோ போய்விட்டால் அது ஆயுசுக்கும் கிணற்றிலேயே கிடக்கும்.

சாயங்காலம் வீட்டில் அத்தையின் ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட்டுகள் கண்ணில் பட்டன. அத்தை அப்பாவின் தங்கை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, அப்பாதான் அவளை வேடசந்தூர் மில் வேலைக்கு அனுப்பியிருந்தார். திருவிழாவுக்கென்று அவள் கலர் கலராகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை பொட்டையும் என் பைக்குள் போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் யோசனையைச் சொன்னேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் முத்திரைக்குக் கீழே ஓர் எண் இருந்தது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் புத்தகத்தின் பெயர். எண்ணை முதுகில் எழுதி, பொட்டை ஒட்டினோம். கதைக்குச் சிவப்பு, பறவை விலங்குக்குப் பச்சை, அறிவியலுக்கு நீலம், பாட்டுக்கு மஞ்சள். நிறவாரியாக அடுக்கி முடிக்கவும் அதிகாரியின் ஜீப் வரவும் சரியாக இருந்தது.

"நட்சத்திரத்தப் பத்தி ஒரு புத்தகம் எடு பாப்பா."

பதிவேட்டைப் பார்த்தேன். நீலப் பொட்டு வரிசை, அறுபத்திரண்டு. பத்து எண்ணுவதற்குள் அவர் கையில் கொடுத்தேன். தவளை பற்றிக் கேட்டார், கொடுத்தேன். தாலாட்டு கேட்டார், அதையும் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது யார் யோசனை என்றார்.

"எல்லாரும் சேர்ந்துதான் சார்," என்றார் டீச்சர், கொஞ்சமும் கூசாமல்.

மன்னித்துவிட்டேன். பீரோ இங்கேயே இருக்கட்டும், தினமும் திறந்திருக்க வேண்டும் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாரே! ஜீப் கிளம்புவதற்குள் நான் அந்தக் கதையைத் தேடியெடுத்து, கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஊரே கூடிச் சரிவு வெட்ட, குட்டி ஏறி வந்துவிட்டது. அன்றைக்கு இந்த உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை.

வீட்டில் அத்தை காலிப் பாக்கெட்டுகளோடு காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"களவாணி! அம்புட்டையுமா எடுத்த? அபராதம், வாரம் ஒரு புக்கு கொண்டாந்து குடு."

இவ்வளவு சுலபமாகத் தப்பியதும் எனக்கு இன்னொரு வெற்றிதான். ஆனால் மாதங்கள் போயும் அபராதம் தீரவில்லை. மில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் படித்தாள். பீரோவையே முடித்துவிட்டு, மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையை வைத்துக்கொண்டே அப்பாவிடம் வழக்குத் தொடுத்தேன்.

"நாலு பாக்கெட் பொட்டுக்கு எம்புட்டு நாளைக்குப்பா குடுக்குறது? இதுக்குப் படிச்சுத் தீர மாட்டேங்குது."

அத்தை தலை நிமிராமல் பக்கத்தைப் புரட்டினாள். அப்பா அவளைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நியாயம் என் பக்கம் என்று தெரிந்தும் தங்கையைக் கண்டிக்க மனம் வராமல்தான் போகிறார், வழக்கில் ஜெயித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.